காசிக்குப் பாஸ், கான்பூரில் மேட்ச்

என்னங்க,

கூப்பிட்டால் "இன்னா" என்று திரும்பிப் பார்க்க இப்போது ஆள் இல்லை என்று தெரிந்தேதான் கூப்பிடுகிறேன். முப்பத்தாறு வருஷம் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன், வேறு எப்படித் தொடங்கச் சொல்கிறீர்கள்?

நீங்கள் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. கள்ளிக்குப்பத்தில் எல்லோரும் சுகம். நம் வீட்டுக்கு எதிரே கிடந்த காலி மனையில் நாலு மாடி எழும்பிவிட்டது, காலை வெயில் நம் வாசலுக்கு வரவே ஒன்பது மணி ஆகிறது. மாடிப் போர்ஷனில் ஐ.டி. வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பிள்ளைகள் மூன்று பேர் குடி வந்திருக்கிறார்கள். மேட்ச் இருந்தால் அவர்கள் போடும் கூச்சலில் நம் கூரை அதிர்கிறது. நான் சண்டைக்குப் போவதில்லை. ஸ்கோர் என்ன என்று கீழேயிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம். அண்ணனூர் கார் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து வேலை பார்க்கிற உங்களுக்கு, குடும்பத்தோடு ஊர் சுற்ற ரயில்வே பாஸ் கொடுப்பார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "எங்க போலாம் சொல்லு" என்று கேட்டீர்கள். என் அம்மா ஆசைப்பட்டுப் போக முடியாமல் போன காசி என்றேன். மறுபேச்சுப் பேசாமல் சரி என்றீர்கள். இப்படியும் ஒரு மனுஷனா என்று அன்றைக்கு உருகிப்போனேன்.

காசிக்குப் போகிற வழியில் கான்பூரில் இறக்கிவிட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "ரயில்வே ரூல் கஸ்தூரி. பாஸ்ல போறவங்க நடுவுல ஒரு ஊர்ல எறங்கி மூணு நாள் தங்கிட்டுத்தான் போணும். தங்கலன்னா அடுத்த தபா பாஸ் தர மாட்டானுங்க." முகத்தில் ஒரு சுளிப்பு, ஒரு சிரிப்பு, ஒன்றும் இல்லை. நானும் நம்பினேன். சர்க்கார் விஷயமாயிற்றே, ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இன்னொன்று. "சொம்மா லாட்ஜ்ல குந்திகினு இன்னா பண்ணப்போறோம்? இங்க ஏதோ மேட்ச் நடக்குது போல கீது, வா பாத்துட்டு வரலாம்." ஏதோ மேட்சாம். டிக்கெட் இரண்டும் உங்கள் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது?

பனி மூட்டத்தில் பந்தே தெரியவில்லை, ஆட்டம் தொடங்கவே நேரமாகிவிட்டது. நீங்கள் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நாரெடுத்து, சுளை சுளையாக என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். மேட்ச் தொடங்கும் வரை நீங்கள் ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தீர்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, புல் எங்கே காய்ந்திருக்கிறது, எந்த மூலை பள்ளம் என்று, ஷெட்டில் பெட்டியைச் சோதிக்கிற அதே கண்ணோடு பார்த்தீர்கள். "ஒவ்வொரு கிரவுண்டுக்கும் ஒரு கொணம் கீது. ஆடறவன் மாறிக்கினே இருப்பான், கொணம் மாறாது" என்றீர்கள். எனக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. உங்கள் தத்துவத்தை யார் கேட்டார்கள்?

அதற்கப்புறம் பூரி ஜகந்நாதர் என்றேன், கட்டாக்கில் இறங்கினோம். காளிகாட் என்றேன், ஈடன் கார்டன்ஸில் உட்கார்ந்திருந்தேன். அமிர்தசரஸ் பொற்கோயில் என்றேன், மொஹாலியில் மூன்று நாள். எங்கே போனாலும் அந்த ரூல் நமக்கு முன்னால் போய் நின்றது. இதில் கேவலம் என்னவென்றால், பக்கத்துத் தெரு வசந்தா முதல்முதலாகப் பாஸில் ஹரித்வார் கிளம்பியபோது, நடுவில் மூன்று நாள் தங்க மறந்துவிடாதே என்று நானே அவளுக்குப் புத்தி சொன்னேன். அவள் வீட்டுக்காரரும் உங்கள் ஷெட்தானே.

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "இன்னாக்கா சொல்ற? யாரு உனக்கு இத்த சொன்னது? வேணும்னா எறங்கலாம், வேணான்னா பேசாம போய்க்கினே இருக்கலாம். எறங்கலன்னா யாரும் புடிச்சிக்கினு போ மாட்டாங்க." பதினோரு வருஷம். பதினோரு வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள்.

மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நாலாம் நாள் நீங்களே சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள். "கோயில் ஒண்ணாவது வுட்டுப்போச்சா, சொல்லு" என்றீர்கள். அது உண்மைதான். பூரியில் அவ்வளவு பெரிய வரிசையில் நீங்கள்தான் முன்னால் நின்று எனக்கு வழி பண்ணிக் கொடுத்தீர்கள். அப்படியானால் கூட்டாளிகளோடு மேட்சுக்குப் போயிருக்கலாமே, என்னை எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றீர்கள். "நல்லதா ஒண்ணப் பாக்கறப்ப நீ பக்கத்துல இல்லன்னா பேஜாராக் கீது கஸ்தூரி" என்றீர்கள். இப்படிச் சொன்னால் ஒரு பெண்பிள்ளை எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது?

அன்றையிலிருந்து ஒளிவுமறைவு போயிற்று. நீங்கள் மேட்ச் அட்டவணையை விரிப்பீர்கள், நான் பக்கத்தில் எந்தக் கோயில் என்று பார்ப்பேன். ஆனால் நான் மட்டும் என் பிடியை விடவில்லை. "நான் கோயிலுக்குத்தான் வரேன், உங்க மேட்சுக்கு இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவேன். மைதானத்தில் வேண்டுமென்றே தலையைத் திருப்பிக்கொண்டு உட்காருவேன். நீங்கள் "தோ பாரு, இப்ப லெக் சைடுல ஆளப் போடுவான்" என்றால், பார்க்காதது போலப் பார்ப்பேன். சேப்பாக்கத்தில் நம் ஆட்கள் தோற்ற பிறகும் ஜனங்கள் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டினார்களே, அன்றைக்கு நீங்கள் எழுந்து நின்று அழுதுகொண்டே தட்டினீர்கள். நான் உட்கார்ந்தபடி புடவைத் தலைப்புக்குள் தட்டினேன். நீங்கள் கவனித்தீர்களா?

எத்தனை ஊர் மைதானம் பார்த்த மனுஷன் நீங்கள். ஷெட்டில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் டிவியில் மேட்ச் ஓடும்போது, "ஏகாம்பரம், இந்த கிரவுண்டு எப்படி?" என்று உங்களைத்தான் கேட்பார்கள் என்று வசந்தா சொல்வாள். கையில் கிரீஸோடு நின்று நீங்கள் சொல்வீர்களாம், கட்டாக் என்றால் மத்தியானத்துக்கு மேல் பந்து தாழும், மகாநதிக் காற்று வந்தால் திரும்பும் என்று. அப்படியே நடக்குமாம். பேட் பிடித்து ஒரு பெரிய மேட்ச் ஆடாத ஆள். பார்த்தே இவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமா என்று எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. வாய்விட்டு ஒரு நாளும் மெச்சவில்லை, இப்போது மெச்சுகிறேன்.

இனி நான் சொல்ல வந்தது.

ரிட்டயர் ஆன பிறகு உங்களுக்குப் பாக்கி இருந்த ஆசை தர்மசாலா. "மலைக்குக் கீழ கிரவுண்டு, அண்ணாந்து பாத்தா பனி" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ரயில் போகிற பதான்கோட் வரை பாஸ் கூட எழுதி வாங்கிவிட்டீர்கள். எனக்கு முட்டிவலி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். நீங்கள் என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டு, "மலை எங்க ஓடிப்போவப்போவுது" என்றீர்கள். என்னங்க, அன்றைக்கு எனக்கு முட்டி வலிக்கவில்லை. என் தங்கை பேத்திக்குக் காதுகுத்து இருந்தது. நான் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன், உங்களிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. நாலே மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த இரண்டு வருஷம் அது என்னை அரித்துத் தின்றது. ஒரு மைதானம்தானே என்று யாராவது சொல்லலாம். உங்களுக்கு அது ஒரு மைதானம்தானா? நீங்கள் என்னை ஏமாற்றியது எனக்கு ஊரெல்லாம் காட்டியது. நான் உங்களை ஏமாற்றியது உங்களுக்கு ஓர் ஊரை இல்லாமல் பண்ணிவிட்டது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குத் தூக்கம் என்று ஆகிவிட்டது.

உங்கள் பாஸ் போய் இப்போது, ரயில்வேக்காரர் போன பிறகு பெண்டாட்டிக்குக் கொடுக்கிற பாஸ் எனக்கு வருகிறது. நம் பிள்ளை பிரபுவிடம் தர்மசாலா என்று ஆரம்பித்தேன். "இந்த வயசுல கிரிக்கெட் பாக்க அவ்ளோ தூரமாம்மா? டிவில பாரு. இந்தி தெரியாது, கால் வலி வேற" என்று ஒரே பிடியாக நின்றான். பாவம், சின்ன வயசில் அவன் லீவெல்லாம் வெயிலில் ஸ்டாண்டில் போயிற்று, அவனுக்கு கிரிக்கெட் என்றாலே ஆகாது. ஒரு வாரம் விட்டுவிட்டு, தர்மசாலாவுக்குப் பக்கத்தில் இருக்கிற கோயிலைச் சொல்லி, "ஜுவாலாமுகி அம்மனுக்கு வேண்டுதல் இருக்குடா, அப்பா இருக்கும்போதே வேண்டிக்கிட்டது" என்றேன். வேண்டுதல் என்றதும் வாயை மூடிக்கொண்டான். வசந்தாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். பேப்பரில் ரஞ்சி அட்டவணையைப் பார்த்து, நம் தமிழ்நாடு அங்கே ஆடுகிற நாளை நான்தான் கண்டுபிடித்தேன். உங்களிடம் படித்தது வீண் போகவில்லை.

தர்மசாலா ஸ்டாண்டில் மொத்தமே ஐம்பது பேர் இருந்தால் அதிகம். நீங்கள் சொன்ன பனி மலை நேர் எதிரே நின்றது. அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நீங்கள் சொல்லவில்லையே. கூட்டம் இல்லாததால் உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. விக்கெட் கீப்பர் பையன் நம் பக்கம் போலிருக்கிறது, "உள்ள போடு மச்சான், அப்டியே போட்டுகினே இரு" என்றான். இமயமலை அடிவாரத்தில் நம் அம்பத்தூர் மார்க்கெட் பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

வசந்தா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னாக்கா, அந்தாளு மட்டும் எதுக்கு அவ்ளோ கிட்ட போய்க் குனிஞ்சிகினு கீறான்? மூஞ்சில பட்டா இன்னா ஆவறது?" என்று கேட்டாள். அது ஷார்ட் லெக் என்று ஆரம்பித்தேன். பந்து ஏன் எழும்புகிறது, பேட்ஸ்மேன் ஏன் முன்னங்காலை வைக்கப் பயப்படுகிறான், அடுத்த ஓவரில் கேப்டன் என்ன செய்வான் என்று சொல்லிக்கொண்டே போனேன். கேப்டன் அதையே செய்தான். வசந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போது பார்த்துப் பிரபு போன் செய்தான்.

"அம்மா, கோயில்லயா இருக்க?"

"ஆமாண்டா, தரிசனத்துக்கு நிக்கிறோம்" என்று சொல்லி முடிக்கவில்லை, உள்ளே பதினொரு பேரும் சேர்ந்து அப்பீல் செய்தார்கள்.

"கோயில்ல யாரும்மா ஹவுஸ்தட்னு கத்தறது?" என்றான். அவனே, "சரி, அவுட்டா இல்லயா?" என்று கேட்டான். அவுட்டுடா, எல்.பி.டபிள்யூ என்றேன். "சால்வை போட்டுக்க, குளிரும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

என்னங்க, எனக்கு ஒரு பயம் இருந்தது. இத்தனை வருஷமும் நான் பார்த்தது ஆட்டத்தையா, ஆட்டம் பார்க்கிற உங்களையா என்று. பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் எனக்கு எதுவுமே தெரியாது, வெறும் பச்சைத் தரைதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை. நாள் முழுக்கப் பார்த்தேன். ஒரு பந்து விடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மட்டும்தான் நீங்கள் இல்லாதது தெரிந்தது, அப்போது நன்றாக அழுதேன். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சந்தோஷமாக இருந்தேன்.

எனக்கு கிரிக்கெட் பிடிக்கும். கான்பூரில் இல்லை, கட்டாக்கிலிருந்து பிடிக்கும். உங்களிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் எவ்வளவு பூரித்துப் போயிருப்பீர்கள், அந்த ஒரு வார்த்தைக்கு என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

அடுத்த பாஸுக்கு குவாஹாத்தி என்று முடிவு செய்திருக்கிறேன். காமாக்யா அம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பாஸ் ஆபீசிலும், தெருவிலும், பிரபுவிடமும், யார் கேட்டாலும் மேட்ச் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பெண்டாட்டி,
பிரபுவின் அம்மா,
கஸ்தூரி