சீட்டில் ஏறாத இருபத்தாறு சம்பா

என் தங்கமான மாப்பிள்ளை அந்தோணிக்கு,

பரலோகத்தில் இந்நேரம் காற்றோட்டமான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பாய் என்று நம்பி, உன் மச்சான் சவரிமுத்து எழுதுகிறேன். பேப்பரில் போட்டோ போட்டு, அதன் கீழே நாலு வரியில் ஆளை முடித்துவிடுவார்களே, அது எனக்குச் சரிப்படாது. நாலு வரியில் நான் தொண்டையைச் செருமக்கூட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் நம் பங்குச் சாமியார் நடத்தும் மாத இதழில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஊரும் படிக்கட்டும்.

நாலு பேர் முன்னால் உன்னை 'வாங்க மாப்ளே' என்பேன். தங்கச்சி புருஷன் என்கிற மரியாதை. வயலில் கால் வைத்துவிட்டால் வாடா போடாதான். இதை வயலில் நின்று பேசுவதாகவே வைத்துக்கொள்.

முதலில் ஊர்ச் சேதி. கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறைக்கு வெள்ளையடித்தோம். ஆயிரம் மெழுகுவர்த்தி எரிந்தது. சரி, நாற்பது. என் தங்கச்சி பிலோமினா முழங்கால் வலியோடு வந்து, சாமந்தியை அடுக்கிவிட்டுப் போனாள். சம்பா பரவாயில்லை, கடைமடை வரைக்கும் தண்ணீர் போனது. மருந்தடிக்க ட்ரோன் வந்துவிட்டதடா! பாபநாசத்திலிருந்து ஓர் ஆள் கொண்டுவருகிறார். வரப்பில் நின்று பொத்தானைத் தட்டினால் அது பறந்து பறந்து அடிக்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என்னைக் கேட்காமல் அது தரையை விட்டுக் கிளம்புவதில்லை. ஆனால் சின்னத் துண்டு நிலங்களுக்கு இன்னும் முதுகில் கட்டுகிற டேங்க்தான். நாம் பார்த்த வேலையை இப்போது முருகேசனும் அவன் ஆட்களும் பார்க்கிறார்கள்.

இதைச் சொல்லவா இவ்வளவு இடம் கேட்டு வாங்கினேன்? இல்லை மாப்ளே. உன் விஷயத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அது உன் பேரில் ஒரு காகிதத்தில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதைப் பற்றித்தான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்று ஞாபகமிருக்கிறதா? கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. நிணநீரில் வந்த புற்று என்று பிறகு சொன்னார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இவர் என்ன வேலை செய்றார்?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வேலையா? இருபது ஏக்கர் மிராசுங்க. இவரு சேத்துல கால் வச்சே நாங்க பார்த்ததில்ல."

"பூச்சிமருந்து ஏதாவது கையாளுவாரா?"

"இவரு கையில ஜெபமாலையைத் தவிர வேற எதுவும் பட்டதில்லைங்க டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நீ கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்தாய்.

"ஏன் மச்சான் அப்படிச் சொன்னே?"

"கூலிக்கு மருந்தடிக்கிறவன்னு சொன்னா எவன்டா திரும்பிப் பார்ப்பான்? மிராசுன்னா ஓடி வருவாங்க."

"சரி விடு" என்று சிரித்தாய். "எங்க தாத்தா மிராசு வீட்டு மாட்டுக்கொட்டகையில படுத்தவரு. நான் ஒரு வாரமாவது மிராசா படுத்துக்கிறேன்."

ஒரு வாரம் என்றாய். ஏழு மாதம் படுத்தாய். நீ போய் இரண்டாவது சம்பாவும் வந்துவிட்டது.

போன மாதம் உன் மகள் ஜெனிபர் என் வீட்டுக்கு வந்தாள். பாபநாசத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள், நீ ஆசைப்பட்டபடி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு. உட்காரவேயில்லை.

"மாமா, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணாங்க. அப்பாவுக்கு வந்த மாதிரி நோய் வந்தவங்க எல்லாம் என்ன வேலை பார்த்தாங்கன்னு ஒரு டாக்டரம்மா விசாரிச்சு எழுதுறாங்களாம். அப்பா சீட்டுல என்ன போட்டிருக்கு தெரியுமா? மிராசுதார். மருந்து கையாண்டதில்லை. யார் சொன்னது இது?"

"கம்ப்யூட்டர் தப்பா இருக்கும் பாப்பா."

"கம்ப்யூட்டருக்கு ஜெபமாலை தெரியுமா மாமா? அதையும் எழுதி வச்சிருக்காங்க."

அகப்பட்டுக்கொண்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து வாத்தியார், தாசில்தார், பேங்க் மேனேஜர், யாரிடமும் பேச்சில் அகப்படாதவன் நான். உன் மகளிடம் அகப்பட்டேன்.

"நாளைக்கே என்கூட வந்து உள்ளதைச் சொல்லணும். அப்பாவோட சேர்ந்து மருந்தடிச்சது நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்லலேன்னா அப்பா அந்த வேலை பார்த்ததாவே இருக்காது."

"செத்தவன் சீட்டைத் திருத்தி என்ன ஆகப்போகுது?"

அவளோடு வந்து உள்ளே உட்கார்ந்திருந்த பிலோமினா சொன்னாள்: "அண்ணே, அந்த மனுசன் கைலியை இருபத்தாறு வருஷம் என் கையால துவைச்சிருக்கேன். மருந்து நாத்தம் கையை விட்டுப் போகாது, அதே கையோட சோறு பெசைஞ்சிருக்கேன். அவரு ஜெபமாலை பிடிச்சுக்கிட்டு இருந்தாருன்னு எழுதியிருந்தா, நான் துவைச்சது என்ன?"

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம்.

டாக்டரம்மா அமைதியான ஆள். என்னை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, "மெதுவா சொல்லுங்க ஐயா, அவசரமில்லை" என்றார்கள். வழக்கமான தோரணையில்தான் ஆரம்பித்தேன். "அம்மா, பாபநாசத்திலேர்ந்து குத்தாலம் வரைக்கும் எங்க ரெண்டு பேர் பேரைச் சொன்னா புகையான் பூச்சி தானா மூட்டை கட்டும்." அவர்கள் சிரித்தார்கள். பிறகு பேனாவை எடுத்து, "மருந்தை எப்படிக் கலப்பீங்க?" என்றார்கள்.

அதற்கு மேல் பெருமையாகச் சொல்ல எதுவும் வரவில்லையடா. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னேன். டேங்கில் தண்ணீர் ஊற்றி, மருந்தை ஊற்றி, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்குவோம். பக்கத்தில் குச்சி கிடக்கும். 'குச்சிக்கு என்னடா தெரியும் மருந்தோட பதம்' என்று நான்தான் அதைத் தூக்கி எறிவேன். டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் எப்போதும் ஒரு மூடி கூட. ஊர்க்காரர்கள் நம்மைக் கூப்பிட்டதே அந்த ஒரு மூடிக்காகத்தான். மற்றவர்கள் அடித்தால் பூச்சி மயங்கும், சவரிமுத்து அடித்தால் சாகும் என்றார்கள். நான் மிதந்தேன்.

"மூக்கு அடைச்சுக்கிட்டா?" என்றார்கள். டேங்க் குழாயின் மூக்கைத்தான் கேட்டார்கள்.

"வாயில வச்சு ஊதுவோம்மா."

பேனா நின்றது. "ரெண்டு பேருமா?"

"அவன்தான் அதிகம். எனக்குப் பல்லு கூசும். அதனால என் டேங்க் மூக்கையும் அவனே ஊதிக் குடுப்பான்."

இதைச் சொல்லும்வரை இதை நான் ஒருநாளும் நினைத்ததே இல்லை மாப்ளே. சத்தியமாக இல்லை. ஜெனிபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு கேட்டேன். "அப்ப, அதனாலதான் அவனுக்கு வந்துச்சாம்மா?"

டாக்டரம்மா அவசரப்படாமல் சொன்னார்கள். "ஒருத்தருக்கு வந்த புற்றுக்கு இதுதான் காரணம்னு என்னால கை காட்ட முடியாதுங்க ஐயா. மருந்து அடிச்ச எல்லாருக்கும் வர்றதில்லை. அடிக்காதவங்களுக்கும் வருது. ஆனா சில மருந்துகள் வருஷக்கணக்கா உடம்புல பட்டா இந்த மாதிரி புற்று வர்ற வாய்ப்பு கூடும்கிறாங்க. எந்த மருந்து, எவ்வளவு நாள், எப்படிப் பட்டதுன்னு தெரியணும். அதுக்குத்தான் உங்கள மாதிரி ஆளுங்க உள்ளதைச் சொல்லணும்."

எனக்கு அது நம் வரப்பு பாஷையில் புரிந்தது. வரப்பில் பத்து நண்டு வளை இருக்கிறது. ஒருநாள் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போகிறது. எந்த வளை உடைத்தது என்று உடைந்த பிறகு யார் சொல்வது? வளையே இல்லாத வரப்பும் சில சமயம் உடைகிறது. அதற்காக வளையைக் கண்ட பிறகும் அடைக்காமல் போகிறவன் விவசாயியா? இதை அப்படியே சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லலாமா?' என்று கேட்டார்கள். சொல்லுங்கள் என்றேன். இது நான் கூட்டிச் சொல்வதில்லை. ஜெனிபரே சாட்சி.

இன்னொன்றும் கேட்டேன். "அன்னைக்கே நான் உள்ளதைச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பானா?"

"வைத்தியம் இதேதான் ஐயா. அதுல எதுவும் மாறியிருக்காது."

ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தேன்? ஒரே டேங்க், ஒரே மருந்து, கூட ஒரு மூடி போட்டவன் நான். நோய் உன்னைத் தேடி வந்தது. ஏன்? டாக்டரம்மாவிடம் இதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன். உனக்கும் தெரியாதுதானே?

ஜெனிபர் என் ரத்தத்தையும் எடுத்தாள். ஊசிக்கு நான் கொஞ்சமும் பயப்படவில்லை. கண்ணை மூடியது வெயிலுக்காக. ரெண்டு நாள் கழித்து, "இப்போதைக்கு எல்லாம் சரியா இருக்கு மாமா. ஆனா வருஷா வருஷம் வந்து காட்டணும்" என்றாள்.

அந்த வாரமே முருகேசனிடம் போனேன். அவன் மேலுக்குச் சட்டை இல்லை. வாயில் வெற்றிலை. கை முழங்கை வரைக்கும் டேங்குக்குள்.

"டேய் முருகேசா, கையை எடுடா. குச்சியால கலக்கு. சட்டையைப் போடு, வாயைக் கட்டு. மூக்கு அடைச்சா ஊசிக்குச்சியை விட்டு எடு. வாயில வைக்காத. அந்தோணிக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தேல்ல?"

முருகேசன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வரப்பில் இருந்த நாலு பேரையும் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, வெள்ளத்துல முதலை வாலைப் பிடிச்சுக்கிட்டு கொள்ளிடத்தைத் தாண்டுன ஆளு நீங்க. மருந்துக் கைய நக்கிக் காட்டுவேன்னு எங்ககிட்டயே சவால் விட்ட ஆளு நீங்க. இப்ப இது என்ன புதுக் கதை?"

"கதை இல்லடா. உள்ளது."

"முதலையும் உள்ளதுன்னுதானே சொன்னீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், பழக்கதோஷம். அவன் கையை எடுக்கவில்லை. என் பேச்சைக் கேட்க ஊரே நிற்கும் மாப்ளே, உனக்குத் தெரியும். டீக்கடையில் எனக்காக டீயை ஆறவிட்டவர்கள் எத்தனை பேர். நான் வாழ்நாளில் சொன்ன ஒரே ஒரு முக்கியமான நிஜத்தை நம்ப ஒருத்தன் இல்லை.

அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுத்தில் போடுகிறேன். முருகேசா, இதை உனக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். முதலை பொய். கொள்ளிடத்தை நான் பாலத்தின் மேல்தான் தாண்டினேன். மருந்தை நக்குவேன் என்றது வீம்பு. அந்தோணி இருபத்தாறு சம்பா கூலிக்கு மருந்தடித்தான், வெறும் கையால் கலக்கினான், அடைத்ததை வாயால் ஊதினான், எனக்காகவும் ஊதினான். இது நிஜம். ஆஸ்பத்திரிச் சீட்டில் இப்போது இப்படித்தான் இருக்கிறது. நான் சொல்ல, ஜெனிபர் பக்கத்தில் நிற்க, டாக்டரம்மா எழுதினார்கள்.

மாப்ளே, உன்னை மிராசு கட்டிலிலிருந்து இறக்கிவிட்டேன். கோபம் இல்லையே? நீ பார்த்த வேலையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பது இப்போது புரிகிறது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மற்ற விஷயத்தில் நான் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் பேசுவேன். அது என்னோடு பிறந்தது, என்னோடு புதைந்தால்தான் போகும். ஆனால் நீ எப்படி உழைத்தாய், எப்படிப் போனாய் என்று எவர் கேட்டாலும், டீக்கடையானாலும் வயலானாலும், உள்ளதற்கு மேல் ஒரு சொல் வைக்க மாட்டேன். முருகேசன் கையை எடுக்கிற வரைக்கும் தினமும் அந்த வரப்புக்குப் போய்ச் சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிலோமினாவின் அண்ணன், உன் பிள்ளையின் தாய்மாமன்,
சவரிமுத்து