பின்னால் பார்க்கிற வேலை

15.6.1986, ஞாயிறு. டுசல்டோர்ஃப், மேற்கு ஜேர்மனி.

இன்று என் அறையில் இருக்கிற குகனோடு மைதானத்துக்குப் போனேன். பந்தைக் கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்க ஃபுட்போல். அந்தக் கழகத்தில் குகனைப்போல ஓட ஆளில்லை. ஆனாலும் மாட்ச் நாளில் அவனுக்கு ஓரத்து வாங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். ஓரத்தால் ஓடுகிறவன் சொன்ன இடம் வரும்வரை திரும்பக் கூடாதாம். இவன் பாதியிலேயே திரும்பிப் பார்த்து வேகத்தைக் கெடுக்கிறான். இன்றும் திரும்பினால் அடுத்த கிழமையும் வெளியேதான் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

நான் வழக்கம்போல வாயை விட்டேன்.

"என்னடாப்பா, பின்னால பொம்பிளை ஆரும் துரத்துறாளோ?"

அவன் சிரிக்கவில்லை.

"தம்பி வாறானோ எண்டு பாக்கிறன் அண்ணை. அண்டைக்கு ஊரில ஆமி சுடேக்க நான் திரும்பிப் பாக்காமல் ஓடிட்டன்."

பிறகு சொன்னேன்:

"சரி, பின்னால நான் பாக்கிறன். நீ ஓடு."

ஓடினான். திரும்பவில்லையாம். பாய்ந்து பந்தைப் பிடித்தானாம். அடுத்த ஞாயிறு தொடக்கத்திலிருந்தே அவன்தான் என்று பயிற்சியாளர் முதுகில் தட்டினாராம். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவனுக்கு முதுகு காட்டி, வேலியையும் வெறும் வாசலையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"காணும் அண்ணை, பாத்தது போதும், வாங்கோ" என்று அவனே வந்து தோளைத் தொட்டான்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறான். கெட்டிக்காரன், காவலை என்னிடம் தந்துவிட்டுத் தூங்குகிறான். எனக்குத்தான் கதவுக்கு முதுகு காட்டிப் படுக்க முடியவில்லை.