ஆளில்லாத பிளாட்ஃபாரத்தில் கூட்டம்

என் வாயாடி அக்காவுக்கு,

உன் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியும் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். வந்துவிட்டது. இரண்டு வருஷமாக நீ வரும், வரும் என்று காத்திருந்த அந்த ஜப்பானியக் காதல் கார்ட்டூனின் இரண்டாம் சீசன் வந்தேவிட்டது. கார்ட்டூன் என்றால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சரி, அனிமே.

படு மோசம், அக்கா. வகுப்புத் தலைவியான அந்தப் பெண்ணும், தினமும் லேட்டாக வரும் அந்தப் பையனும் முதல் சீசன் முடிவில் எவ்வளவு நெருங்கி வந்திருந்தார்கள்! இதில் மறுபடி அ, ஆ என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கடற்கரைக்கு ஒரு எபிசோடு, பள்ளி விழாவுக்கு இரண்டு. அவள் 'ம்' என்கிறாள், அவனும் 'ம்' என்கிறான்.

போன கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அம்மா டிவி பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், நீ திரையில் ஓடும் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் வருகிற எல்லோருக்குமாக நீயே தமிழில் பேசுவாயே, நினைவிருக்கிறதா? அம்மாவின் கண் கீரையில், காது உன்னிடம். நானும் போனை நோண்டிக்கொண்டே உன்னைத்தான் கேட்டேன். அந்த எழுத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை.

நீ போனதிலிருந்து அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் புது சீசன் வந்ததும் அவளை இழுத்துவந்து உட்கார வைத்தேன். திரையில் இருந்ததை வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னேன். எட்டு வாரம் சொல்லியும் ஒரு சிரிப்பு வரவில்லை. எட்டாவது வாரம் பாதியிலேயே முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ரசிகர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நீளமாகத் திட்டி எழுதினேன். முதல் சீசனின் ஒன்பதாம் எபிசோடில், ரயில் நிலையத்தில் அவள் சொல்வாளே, "மூணு ரயில விட்டுட்டேன். கூட்டமா இருந்துச்சுன்னு சொன்னா நம்புவியா?" என்று? அப்படி ஒரு வசனம் இந்த சீசனில் உண்டா என்று கேட்டேன்.

"சிஸ்டர், அப்படி டயலாக்கே இல்லையே" என்று ஒருவர் பதில் போட்டார். "பிளாட்ஃபாரத்துல ஆளே இல்ல, எங்கேர்ந்து கூட்டம்?" என்றார் இன்னொருவர்.

சண்டைக்குத் தயாராகி அந்த எபிசோடைப் போட்டேன். அக்கா, அந்த இடத்தில் அவள் சொல்வது ஒரே ஒரு வார்த்தை. "குளிருது."

மிச்சப் பதினோரு எபிசோடையும் பார்த்தேன். "நல்லாருக்குன்னு பொய் சொன்னா நாளைக்கும் செஞ்சு எடுத்துட்டு வருவேன்" என்று டிபன் பாக்ஸை நீட்டுவாளே, அங்கே வெறும் "சாப்பிடு". எனக்குப் பிடித்ததெல்லாம் நீ சொன்னது. தாம்பரத்தில் ரயில் ஏறி தினமும் பொத்தேரி காலேஜ் ஆபீசுக்குப் போனவளே, நீ யாருக்காக மூன்று ரயிலை விட்டாய்? என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை?

அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாடி? நிமிந்து பாத்தா அந்தப் பொண்ணு வாய மூடிட்டு நிப்பா, இவ இன்னும் பேசிட்டே இருப்பா. நான் இவ கதைய கேக்கத்தான உக்காந்தேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

இரண்டாம் சீசன் எழுதினவர்கள் பாவம், அக்கா. அவர்கள் முன்பும் இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள், நாம்தான் உன்னை வைத்து அவர்களை எடை போட்டுவிட்டோம். என் பதிவை நான் அழிக்கவில்லை. கீழே ஒரே வரி சேர்த்தேன்: "மன்னிக்கவும், அந்த வசனம் என் அக்காவுடையது." அதை எழுதியபோது எனக்கு அப்படி ஒரு பெருமை. செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று ஊருக்கே கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நேற்று புது சீசனின் ஒன்பதாவது எபிசோடு. அம்மா தானாகவே முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தாள். "அதுல இருக்கறத வாசிக்காத. நீ சொல்லு" என்றாள். நான் திக்கித் திக்கி, அவர்கள் இருவரையும் ஒரு நிமிஷம் பேச வைத்தேன். "அவ அளவுக்கு இல்ல. பரவால்ல, மேல சொல்லு" என்றாள்.

இன்னும் மூன்று எபிசோடு இருக்கிறது. அந்தப் பெண் வாயே திறக்காமல் நின்றாலும் நான் விடமாட்டேன். நீ பிளாட்ஃபாரத்தில் நிறுத்திவிட்டுப் போனவளை, அவனோடு சேர்த்து, நான்காவது ரயிலில் நான் ஏற்றி அனுப்புகிறேன்.

நீ சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிய உன் தங்கை,
சின்னு