கை நடுக்கம்

பிப்ரவரி 6, வெள்ளி

நூலக மாடியில் நிலத்தடி நீர்ச் சங்கத்தின் மாதக் கூட்டம். இந்த மாதம் பேச வேண்டியவள் நான். வந்தவர்களில் பாதிப் பேர் ஏசி காற்றுக்காக வந்தவர்கள், தெரியும். இருந்தாலும் மனதாரப் பேசினேன். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு பழைய ஆழ்துளைக் கிணறு மூடிக் கிடக்கிறது. அதன் தண்ணீர் எவ்வளவு பழையது என்று சோதிக்க அனுப்பியிருந்தோம், முடிவு வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் மழையாக விழுந்த நாளில் விதை போட்டுப் பயிர் செய்யத் தெரிந்த மனிதனே பூமியில் கிடையாது. குடிநீர் ஆய்வகத்தில் தினமும் தண்ணீரோடு மாரடிக்கிறவள்தான் நான். இருந்தும் இதைச் சொல்லும்போது புல்லரித்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அவ்வளவு பழைய தண்ணியா? கெட்டுப் போயிருக்காதா?" என்றார். பல் கட்டும் தொழில். எதைச் சொன்னாலும் சொத்தை விழுந்துவிட்டதா என்றுதான் கேட்பார்.

பிப்ரவரி 14, சனி

பள்ளி அறிவியல் கண்காட்சி. தண்ணீர் பற்றிய சிறந்த ஆய்வுக்கு ஆண்டுதோறும் எங்கள் சங்கம் பரிசு கொடுக்கிறது. நடுவர்கள் மூன்று பேர்: சங்கத் தலைவர் (ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியர்), மோட்டார் பம்பு விற்கும் உறுப்பினர் (எல்லோருக்கும் அவர் 'பம்பு'தான்), நான்.

கடைசி மேசையில் மழைக்கோட்டுப் பெண். வெளியே சுள்ளென்று வெயில், இவள் மட்டும் நீல மழைக்கோட்டோடு நிற்கிறாள். கேட்டால், "பாக்கெட் பெருசு மேடம்" என்கிறாள். எங்கள் சங்கத்தின் அளவு நாடாவை இரவல் வாங்கி, அந்தப் பணிமனைக் கிணற்றையே விடுமுறை முழுதும் அளந்திருக்கிறாள். அம்மா பேருந்து ஓட்டுநர். அம்மாவின் வேலை முடியும்வரை இவளுக்குக் கிணற்றடி. நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும், உடனே ஆழத்தைக் குறித்துக்கொள்வாள். மணிக்கு ஒரு முறை. வரைபடத்தில் கோடு பகலில் மெல்ல இறங்கி மெல்ல ஏறுகிறது. எல்லா நாளும் அப்படியே.

சிக்கல் என்னவென்றால், அந்த ஏற்ற இறக்கம் மொத்தமும் இரண்டு விரற்கடைக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வளவு சிறிய வித்தியாசத்தை எங்கள் சங்கம் கணக்கிலேயே எடுக்காது. 'கை நடுக்கம்' என்று எழுதி அடித்துவிடுவோம். தலைவர் போட்ட விதி.

தலைவர் அதையே சொன்னார். அவள் நேராகப் பார்த்து, "எனக்குக் கை நடுங்கலை சார்" என்றாள்.

"அப்படின்னா இன்னும் மோசம். நிஜக் கிணறு இவ்வளவு ஒழுங்கா நடக்காதும்மா. வீட்ல உக்காந்து எழுதினியா?"

பம்பு ஒரு படி இறங்கி வந்தார். "பொய்னு சொல்லாதீங்க சார், பணிமனையில வண்டி கழுவற மோட்டார் ஓடும். அதா இருக்கும்." உலகத்தில் எது நடந்தாலும் அவருக்கு அது மோட்டார்தான்.

தலைவர் மசியவில்லை. 'எண்கள் இட்டுக்கட்டியவை' என்று பள்ளிக்கு எழுதப் போகிறாராம். எழுதினால் அவளை அறிவியல் மன்றத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். பரிசளிப்பு விழாவரையாவது பொறுங்கள் என்றேன். "பொறுத்தா எண் மாறிடுமா?" என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எனக்குக் கை நடுங்கலை சார். எனக்குக் கை நடுங்கலை சார். காய் நறுக்கும்போதும் இதே.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆய்வகத்துக்கு அவள் அம்மா வந்தார், ஓட்டுநர் சீருடையோடு. வண்டியை நிறுத்திவிட்டு வந்த அவசரம், உட்காரவில்லை.

"மேடம், அவ அளந்தது தப்பா இருந்தா தப்புன்னு எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொய்னு மட்டும் எழுதாதீங்க. நாடாவத் திருப்பிக் குடுத்துடும்மாங்கறா. சாப்பாட்டுல கைய வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கா."

தலைவரிடம் பேசுகிறேன் என்றேன். என்ன பேசுவேன்? பாவம் சார், விட்டுடுங்கன்னா? அது அவளைப் பொய்க்காரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி இல்லையா? வரைபடத்தின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நகலை விரித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு அடிமட்டத்தைத் தொடும் நேரம் எல்லா நாளும் ஒன்றில்லை. நாளுக்கு நாள் தள்ளிப் போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். மோட்டார் என்றால் கடிகாரத்துக்கு ஓடும். பொய் எழுதுகிறவள் தினமும் ஒரே நேரத்தைப் போடுவாள். நாள் தவறாமல் இப்படித் தாமதமாக வருகிறவர் யார்?

நிலா.

சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். நிலா இழுக்கும்போது கடல் மட்டும் எழுவதில்லை, நாம் நிற்கும் தரையும் எழுகிறது. பாறையின் இடுக்குகள் இம்மியளவு விரியும். தண்ணீர் அங்கே நகரும், கிணற்றில் மட்டம் இறங்கும். இழுப்பு தளர்ந்ததும் பாறை நெருக்கும், மட்டம் ஏறும். படித்திருக்கிறேன். கூட்டத்தில் சுவைக்காக ஒரு வரி சொல்லியும் இருக்கிறேன்! ஆனால் நம் ஊர்க் கிணறு, பஸ் டிப்போவுக்குப் பின்னால், தகர மூடி போட்ட கிணறு… அதற்கும் நிலா உண்டு என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிப்ரவரி 19, வியாழன்

தலைவருக்குப் போன் செய்தேன். மோட்டாரும் இல்லை, பொய்யும் இல்லை, நிலா என்றேன். "இரண்டு விரற்கடையில நிலாவா?" என்றார். ஞாயிறு அமாவாசை, நிலா சூரியனோடு சேர்ந்தே உச்சிக்கு வரும், உச்சிப்பொழுது தாண்டியதும் அடிமட்டம் வரும், அப்புறம் ஏறும், வந்து பாருங்கள் என்றேன். வருகிறேன் என்றார். பள்ளிக்கு எழுதிய கடிதம் அதுவரை அவர் பையிலேயே இருக்கும்.

இவர் சிரிக்கிறார். "கிணறு வெட்டப் பூதம் கிளம்புன கதை கேட்டிருக்கேன். உங்க கிணத்துல நிலாவே கிளம்புதா?"

பிப்ரவரி 20, வெள்ளி

பயமாக இருக்கிறது. அன்றைக்கு மட்டும் கிணறு சும்மா இருந்துவிட்டால்?

பிப்ரவரி 22, ஞாயிறு

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

பணிமனையில் இன்று வண்டி கழுவும் வேலை இல்லை. பம்பு முதலிலேயே போய் மோட்டாரின் பியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனி யாரும் என்னைய மீறி ஒரு வாளி இறைக்க முடியாது." அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். மழைக்கோட்டுக்காரி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நாடாவை முதலில் தலைவர்தான் இறக்கினார். கத்தியது, நின்றது, மறுபடி கத்தியது. வயதான கை. மூன்றாம் முறைக்குப் பிறகு நாடாவைப் பெண்ணிடம் நீட்டினார். அவள் கிணற்றின் விளிம்பில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, நூல் பிடித்தாற்போல் இறக்கினாள். ஒரே ஒரு கீச்.

மணிக்கு ஒரு முறை. இறங்கிக்கொண்டே வந்தது. உச்சிக்கு முன்னால் மட்டம் அப்படியே நின்றது. உச்சி தாண்டியதும் இன்னும் ஒரு நெல்மணி அளவு இறங்கியது. அடுத்த முறை நாடா சீக்கிரமே கத்தியது. அதற்கடுத்த முறை இன்னும் சீக்கிரம். ஏறுகிறது! பம்பு பையிலிருந்து பியூஸை எடுத்து, அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் வெயில் மட்டும்தான். அமாவாசை நிலா எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அத்தனை அடி ஆழத்தில், இருட்டில், மனிதன் பயிர் செய்யத் தொடங்குமுன் விழுந்த தண்ணீருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது. நான் நின்ற தரையும் அதோடு எழுந்து இறங்கியிருக்கிறது, என்னையும் தூக்கிக்கொண்டு. நான் பிறந்த நாளிலிருந்து. அழுகை வந்தது, அழுதேன். யார் பார்த்தால் என்ன?

"நீ என்னன்னு நெனச்சு அளந்தே?" என்று தலைவர் அவளிடம் கேட்டார்.

"ஒண்ணும் நெனைக்கலை சார். அது போச்சு, எழுதினேன்."

தலைவர் பையைத் திறந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டார், எங்கள் மூவருக்கும் சேர்த்து: "இத்தனை வருஷமா எத்தனை கிணத்துல இத நாம அடிச்சுட்டு வந்திருக்கோம்?"

பிப்ரவரி 23, திங்கள்

தரையில் கால் வைக்கும்போதெல்லாம் நினைப்பு வருகிறது. இவர், "மெதுவா நட, பூமி ஆடுது" என்கிறார்.

மார்ச் 7, சனி

பரிசளிப்பு, அதே நூலக மாடி. இந்த முறை நாற்காலி போதவில்லை. பேருந்து ஓட்டுநர்கள் ஒரு வரிசை நிறைய வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பேசினார். "இந்தப் பொண்ணைப் பார்த்துப் பொய் எழுதினியான்னு நாலு பேர் நடுவுல கேட்டேன். அதனால நாலு பேர் நடுவுலயே சொல்றேன். அவ கை நடுங்கலை. பூமிதான் ஏறி இறங்கியிருக்கு. அவ பார்த்தா, நாங்க பார்க்கலை."

ஓட்டுநர் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். மழைக்கோட்டுக்காரி மேடையேறி, கேடயத்தை வாங்கி, அந்தப் பெரிய பாக்கெட்டில் வைக்கப் பார்த்தாள். பாதிதான் நுழைந்தது. இறங்கி வந்து என் காதில் கேட்டாள்: "மேடம், நாடாவ நானே வெச்சுக்கலாமா?"

மார்ச் 31, செவ்வாய்

வேலை முடிந்து பேருந்து ஏறினேன். ஓட்டுநர் இருக்கையில் அவள் அம்மா. இன்னும் வெளிச்சம் மங்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றதும் குனிந்து கண்ணாடி வழியாக மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். நேர் உச்சியில் பாதி நிலா, வெளுத்துப் போய்.

"கிணத்துல இப்ப எறங்கியிருக்கும்ல மேடம்?" என்றார்.

ஆமாம் என்றேன். பச்சை விழுந்தது, கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.