அண்ணை இல்லாமல் இரண்டாம் பாகம்

ஆகாயத்தில் எது போனாலும் அதன் பெயர் சொல்லும் என் அண்ணைக்கு,

படம் வந்துவிட்டது. நீங்கள் பெடியனாக இருந்த காலத்திலிருந்து பார்த்திருந்த அந்தச் சண்டை விமானப் படத்தின் இரண்டாம் பாகம். கொரோனாவால் அதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று நான் போனில் சொன்னபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "பாத்தியே, எனக்காகப் பொறுத்து நிக்குது." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தீர்கள். அந்தக் கிழமையே போய்விட்டீர்கள். படம் அதற்குப் பிறகும் தள்ளித் தள்ளித்தான் போனது.

நான் அந்தப் படத்துக்குப் போயிருக்கவே கூடாது. உங்களுக்காகப் போனேன், இவரையும் ஆதிராவையும் கூட்டிக்கொண்டு. உங்கள் மருமகளுக்கு இப்போது ஆறு வயது. மாமா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவர் என்று சொல்லி வைத்ததில், எல்லாப் பிளேனும் மாமாவுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் விமானம் எழும்பியபோதே ஆதிராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதிப் படத்தில் ஒன்று தலைகீழாகக் குத்தி இறங்கியது. தியேட்டர்க் கதிரை அதிர்ந்தது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை, அண்ணை. ஆதிராவை இழுத்துக் கீழே போட்டு, அவள் மேல் கவிழ்ந்து, அவள் காது இரண்டையும் பொத்தி, "ஆவெண்டு வாயைத் திற! மூடாதை!" என்று கத்தினேன்.

வன்னியில் கிபிர் வந்து குண்டு போடும்போது பங்கருக்குள் நீங்கள் எனக்குச் செய்தது. வாய் மூடியிருந்தால் காது வெடித்துவிடும் என்று சொல்லிச் சொல்லித் திறக்க வைப்பீர்கள்.

"உமக்கென்ன விசரே? எழும்பும், சனம் பாக்குது," என்றார் இவர். பின்வரிசைப் பெண் ஒருத்தி உதவிக்கு ஆளைக் கூப்பிடவா என்று கேட்டாள். ஆதிராவோ கொட்டிய பொப்கோர்னுக்குள் கிடந்து சிரித்தாள். இது விளையாட்டா அம்மா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஓம், விளையாட்டு என்றேன். வேறு என்ன சொல்ல?

மிச்சப் படத்தில் நான் திரையில் தரையைத்தான் தேடினேன். குண்டு விழுகிற இடத்தில் ஒரு முகத்தையும் காட்டவில்லை. முன்பு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் கூசேன்வில் வீட்டில் முதல் பாகத்தை எத்தனையாவது தடவையோ போட்டுவிட்டு விசிலடித்தீர்களே, அன்றே கேட்டேன். "எங்களுக்கு மேலை பறந்ததை எப்பிடியண்ணை ரசிக்கிறியள்?"

"கீழை ஆர் எண்டு பாக்காதை, விசரி. மேலை பார். என்ன வடிவு!"

உங்களுக்கு உண்மையாகவே பயம் போய்விட்டிருந்ததா? இல்லை, நான் பக்கத்தில் இருந்ததால் விசிலடித்தீர்களா?

போன சனிக்கிழமை ரூ காய் தெருவில் எங்கட ஆக்களின் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பூங்காவில் ஆதிராவை விளையாட விட்டேன். ஒரு ஹெலிகொப்டர் தாழப் பறந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. திரும்பிப் பார்த்தால் ஆதிரா மணலில் குப்புறக் கிடக்கிறாள், காதைப் பொத்தி, வாயை ஆவென்று திறந்தபடி. பக்கத்தில் இன்னொரு சின்னப் பெண் அதேபோல் படுத்திருந்தாள். இன்னும் பெரிதாகத் திற என்று ஆதிரா அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளையின் தாயும் எங்கட ஆள்தான். ஓடிவந்து தூக்கி, மணலைத் தட்டினாள்.

"இப்பிடிப் படுக்க ஆரக்கா பழக்கினது?"

நான் ஆதிராவைத் தூக்கி நிறுத்தினேன்.

"அங்கை நடந்தது ஒண்டும் நான் இவளுக்குச் சொல்லேல்லை," என்றாள். "சொல்லவும் மாட்டன்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

"விடும், பிள்ளை மறந்திடும்," என்கிறார் இவர். நான் மறந்தேனா? நீங்களாவது மறந்தீர்களா? ஆதிராவுக்கு இப்போது அதுதான் பிடித்த விளையாட்டு. பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுப்பாளோ என்று வாசலில் நின்று மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால் பயம் அவளுக்கும் வந்துவிடும். சொல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே படுப்பாள். எது மோசம், அண்ணை? நீங்கள் இருந்தால் ஒரு பகிடி விட்டுச் சமாளித்திருப்பீர்கள். எனக்குப் பகிடி வராது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அது விளையாட்டு என்று இனி அவளிடம் சொல்ல மாட்டேன். அடுத்த முறை அவள் குப்புறப் படுத்தால், நானும் பக்கத்தில் படுத்து, "இதை எனக்கு உன்ரை மாமா சொல்லித் தந்தவர்" என்று தொடங்குவேன். அதற்கடுத்த வசனம் என்ன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போதும் உங்களிடமே கேட்டுக்கொண்டிருக்கும்
உங்கடை தங்கச்சி சுபா,
லா சப்பல்