பீரோ தூக்கிய நாள்

தம்பிக்கு,

பத்து வருஷம் கழித்து எழுதுகிறேன். முழுதாகப் படி, அப்புறம் கிழித்துப் போடு.

முதலில் காரியம். வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்துவிடு. வலிக்காது. உனக்கும் அறுபது நெருங்குகிறது. சிகரெட்டை விட்டாயா, இல்லையா?

எனக்குச் சிறுநீரகக் கல் என்று நினைத்துப் போன இடத்தில், வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். "உங்க அப்பா எப்படிப் போனாரு?" என்று டாக்டரம்மா கேட்டார். தம்பி வீடு மாறியபோது பீரோவைத் தூக்கினார், முதுகு வலிக்கிறது என்று சுருண்டு விழுந்தார், அவ்வளவுதான் என்றேன்.

"பீரோ இல்லைங்க. அவருக்கும் இதே குழாய் வெடிச்சிருக்கலாம். இது குடும்பத்துல வர்றது. கூடப் பிறந்தவங்களைப் பாக்கச் சொல்லுங்க."

சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்து நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. அந்தப் பீரோவை நீ வீட்டுக்குள் ஏற்றவே இல்லை, வாசலிலேயே துருப்பிடித்துப் போனது என்று அத்தை சொன்னாள்.

பதினாலாம் தேதி எனக்கு ஆபரேஷன். இன்று படிவம் நிரப்பும்போது நர்ஸ், "கூட யாரு வந்திருக்காங்க?" என்றாள்.

"தம்பி. வண்டி நிறுத்தப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

"வந்ததும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று படிவத்தையும் பேனாவையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன்