டிவிஷனுக்குப் போன துண்டு

யானினா,
1941, புத்தாண்டு தினம், மாலை

வீரத்திலும் பசியிலும் குறைவில்லாத லாம்ப்ரோஸ் அண்ணனுக்கு, தங்கை அர்கிரோ எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். இதைப் பிரித்துப் படிக்கும் தணிக்கை ஐயாவுக்கும் வாழ்த்துகள். இதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை, கேக் ரகசியம்தான்.

புனித நிக்கோலாஸ் திருநாளுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெயர்தான் எட்டாவது டிவிஷன். தபால்காரருக்கு அது எட்டாத டிவிஷன். அம்மா காலுறை பின்னிக்கொண்டே இருக்கிறாள். அண்ணனுக்கு மொத்தம் எத்தனை கால் என்று கேட்டு அடி வாங்கினேன்.

அப்பா மட்டும் டிவிஷன் வரலாற்றை நிறுத்தவில்லை. அது புதிதாக இருந்த காலத்தில் அவர் அதில் பீன்ஸ் வேகவைத்த சமையற்காரர். நீங்கள் கல்பாக்கியில் இத்தாலிக்காரர்களைத் தடுத்ததிலிருந்து கதை இன்னும் வளர்ந்து, அந்தக் காலத்தில் தளபதியே அவரிடம்தான் யோசனை கேட்டாராம்!

இன்று மதியம் புத்தாண்டுக் கேக் வெட்டினோம். உள்ளே மறைத்த காசு யார் துண்டில் வருகிறதோ அவருக்குத்தான் வருடம் முழுக்க அதிர்ஷ்டம் என்பதில் அம்மாவுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று உனக்கே தெரியும். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது வீட்டுக்கு, மூன்றாவது உனக்கு. யாரும் பார்க்காதபோது கேக்கைப் புரட்டி, மூன்றாவது துண்டு வரும் இடத்தில் என் பங்குக்கு ஒரு திராக்மா காசைச் செருகிவைத்தேன்.

உன் துண்டில் கத்தி இறங்கிய நேரம் பார்த்துத் தெருவில் பாட்டுச் சத்தம். போர்முனைக்குப் போகும் உங்கள் டிவிஷன் ஆட்கள்! அப்பா விறைத்து நின்று, "இது டிவிஷனுக்கு!" என்றார். அம்மா வெளிறிப்போய், "ஐயோ, அது என் பிள்ளையோடது" என்றாள். "அடுத்தது அவனுக்கு வெட்டுறேன், இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்று துண்டோடு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

கடைசி வரிசையில் நீள மூக்கன் ஒருவன் வாங்கிக் கடித்தான். "ஐயோ, பல்லு!" என்று ஒரு காசைத் துப்பினான். பிறகு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. "என்னம்மா, இத்தாலிக்காரன் சுடுறது போதாதுன்னு நீங்களுமா?" என்றான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு அப்போதுதான் தானும் செருகிவைத்த காசு ஞாபகம் வந்து, தொப்பியைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டார்.

மூக்கன் காசுகளைத் திருப்பி நீட்டினான். அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு அவன் விரல்களை மடக்கி மூடினாள். "வச்சுக்கப்பா. நீயும் அவன்கிட்டதானே போறே" என்றாள். அவன் ஒன்றை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தான்.

உனக்கு மறுபடி வெட்டிய துண்டில் ஒன்றுமில்லை. பின்னல் ஊசியை விட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் அந்த மூக்கன் வந்து சேர்ந்ததும் அவனை விட்டு நகராதே. ஒரே போர்வைக்குள் அவன் குறட்டை விட்டாலும் பொறுத்துக்கொள்.

உன் பங்கு மேசைமேல் மூடி இருக்கிறது. அம்மா யாரையும் தொட விடுவதில்லை. இப்போதே கல்லாகிவிட்டது; வந்து உன் பல்லையும் உடைத்துக்கொள்.

புனித வசீலியார் உன்னையும் மூக்கனையும் காக்கட்டும். இரண்டு வரி எழுது அண்ணா. எத்தனை எழுத்துப்பிழை இருந்தாலும் இந்த முறை சிரிக்க மாட்டேன்.

உன் தொல்லை,
அர்கிரோ